கார்ப்பெட் துரையும் மூட்டை சுமந்தவர்களும்

சென்ற வாரம் நமது ஒன்பதாம் வகுப்பில், நாளின் கடைசிப் பாடவேளையில், பிள்ளைகளுக்குப் புலிக்கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோம். வெயில் நாள், கணக்குப் பாடம் முடிந்து களைத்திருந்த வகுப்பு. அந்த நேரத்தில் இலக்கணம் நடத்தினால் பாதிப் பேர் உறங்கிப் போவார்கள் என்பது இருபது வருஷ அனுபவத்தில் நாம் கண்டறிந்த உண்மை. ஆகவே ஜிம் கார்ப்பெட் என்பவர் 1907-ஆம் ஆண்டில் சம்பாவத் என்னும் இமயமலை ஊரில், 436 பேரைக் கொன்றதாகச் சர்க்கார் கணக்கிட்ட ஒரு பெண்புலியை எப்படிச் சுட்டு வீழ்த்தினார் என்று சொன்னோம். வகுப்பு மூச்சுவிடாமல் கேட்டது.

கதை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாதவன். "சார், இவருக்கு வேலை என்ன? வேட்டைதானா?" என்று கேட்டான்.

"இல்லையப்பா, ரயில்வேயில் இருந்தவர். சரக்கு மாற்றும் துறையில் மேற்பார்வை. விடுமுறை எடுத்துக்கொண்டுதான் புலிக்குப் போனார்" என்றோம்.

பையன் சற்று யோசித்தான். "எங்க தாத்தாவும் ரயில்வே சரக்கு ஷெட்டில் மூட்டை தூக்கினவர்தான் சார். பெரிய லைன் வண்டியிலிருந்து சின்ன லைன் வண்டிக்கு மாற்றுவாராம். இந்தத் துரையைப் பற்றிப் புஸ்தகம் இருக்கு. அங்கே மூட்டை தூக்கினவங்களைப் பற்றி இருக்கா?"

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினர். நமக்கோ அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. அதற்கு உரிய விடையை இந்த வாரப் பகுதியில் எழுதிப் பார்க்கலாம் என்று துணிந்தோம். நேயர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

கார்ப்பெட் என்றதும் நம்மில் பலருக்குத் துப்பாக்கியும் புலித்தோலும் தொப்பியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய இளமையும் நடுவயதின் பெரும்பகுதியும் கழிந்தது காட்டில் அன்று. கங்கைக் கரையில், கரிப்புகைக்கும் மூட்டைகளுக்கும் நடுவே.

அவர் பிறந்தது 1875-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி, நைனிடால் நகரில். தகப்பனார் அவ்வூர்த் தபால் ஆபீஸின் அதிகாரி. பெரிய குடும்பம். பிள்ளைக்கு ஆறு வயது நடக்கும்போதே தந்தை காலமானார். குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி கிராமத்தில் குடும்பம் தங்கும். பறவையின் குரலைக் கேட்டு அதன் அச்சத்துக்குக் காரணம் புலியா, பாம்பா என்று பிரித்தறியும் கல்வியைச் சிறுவன் அந்தக் காட்டில்தான் பெற்றான். சர்வகலாசாலைப் படிப்புக்கு வசதியில்லை. இருபது வயதை எட்டும் சமயத்தில், 'வங்காள, வடமேற்கு ரயில்வே' என்ற கம்பெனியில் மாதம் நூறு ரூபாய்ச் சம்பளத்தில் விறகு இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார்.

விறகு இன்ஸ்பெக்டர் என்பதைக் கேட்டு நேயர்கள் வியக்க வேண்டாம். அந்தக் கம்பெனியின் இஞ்சின்கள் அப்பொழுது மரத்தை எரித்தே ஓடின. ஐந்து லட்சம் கன அடி மரத்தை வெட்டிக் கொடுப்பது அவருக்கு இட்ட வேலை. பிற்காலத்தில் காட்டைக் காக்கவேண்டுமென்று ஊர் ஊராகப் பேசியவர், முதன்முதலில் சம்பளம் வாங்கியது காட்டை வெட்டுவதற்குத்தான்! இதை அவர் மறைக்கவில்லை. வெட்டுண்ட காட்டில் தாயிழந்து நின்ற சிறு பிராணிகளைத் தம் கூடாரத்தில் வைத்துப் பாலூட்டி வளர்த்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஒரு மனிதர் செய்த தொழிலுக்கும் அவருடைய இருதயத்துக்கும் இடையே உள்ள தூரம் சில சமயம் இப்படித்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தை உணர்ந்தவர்கள் குறைவு.

பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம், பீஹாரில் கங்கையின் தென்கரையில் உள்ள மொகாமாத் துறை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தது அங்கேதான். ஆற்றின் தென்கரையில் அகலப் பாதை ரயில். வடகரைக்கு அப்பால் குறுகிய பாதை ரயில். ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓடாது. குறுக்கே கங்கை வேறு, பாலம் கிடையாது. கல்கத்தாப் பக்கத்திலிருந்து வரும் உப்பும், சர்க்கரையும், நிலக்கரியும், துணிப் பொதிகளும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, மறு வண்டியில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் இயந்திரம் ஏதுமில்லை. மனிதரின் தலையும் தோளும்தான் இயந்திரம். ஆணும் பெண்ணும் கூடையில் கரி சுமந்தார்கள். நமது தென்னாட்டிலும் இரண்டு பாதைகள் சந்தித்த ஜங்ஷன்களில் இதே காட்சியை முன்தலைமுறையினர் பார்த்திருக்கிறார்கள். நம் மாணவனின் தாத்தா தூக்கிய மூட்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவையே.

மொகாமாத் துறையில் சரக்கு மலைபோல் தேங்கிக் கிடந்தது. அதை மாற்றும் காண்டிராக்டைக் கார்ப்பெட் ஏற்றுக்கொண்டார். ஆரம்ப நாட்களில் விடியுமுன் எழுந்து, இருட்டிய பின்பும், கூலியாட்களோடு தாமும் மூட்டை தூக்கினார் என்பதை அவருடைய 'என் இந்தியா' என்ற புஸ்தகத்தில் காண்கிறோம். 1952-இல் வெளியான அந்நூலை அவர் காணிக்கையாக்கியது ராஜப் பிரதிநிதிகளுக்கு அன்று, அவருக்குச் சிநேகிதர்களாயிருந்த இந்திய ஏழைகளுக்கு.

அந்தப் புஸ்தகத்தில் ஒரு சம்பவம். வேலை தொடங்கிய புதிதில், கம்பெனியிடமிருந்து வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் வரவில்லை. கூலி கொடுக்கக் கையில் காசில்லை. கடைக்காரர் கடன் கொடுக்க மறுத்தார். ஆட்கள் நாளைக்கு ஒருவேளை உண்டு மூட்டை சுமந்தனர். துரையும் ஒருவேளைதான் உண்டார். ஒருநாள் இரவு தலைமையாட்கள் வந்து நின்றார்கள். அவர்கள் கலகம் செய்யவில்லை, கல்லெறியவில்லை; பசியைச் சொன்னார்கள், அவ்வளவுதான். மறுநாள் கம்பெனிக்குத் தந்தி பறந்தது: பணம் புறப்பட்ட செய்தி நண்பகலுக்குள் வராவிடில் துறையில் வேலை நிற்கும் என்று. பணம் வந்தது.

இந்தச் சம்பவத்தை நாம் இரண்டு விதமாகப் படிக்கிறோம். ஒருவிதத்தில், முதலாளியும் தொழிலாளியும் பசியைப் பங்கிட்டுக்கொண்ட அபூர்வமான கதை இது. இன்னொரு விதத்தில், ஏழைகளின் தலைச்சுமையால் லாபம் ஈட்டிய ஒரு கம்பெனி, அவர்கள் கூலியை மாதக்கணக்கில் மறந்திருக்க முடிந்தது என்ற கொடுமையும் இதில்தான் இருக்கிறது. துரை நல்லவராய் இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். துரை நல்லவராய் இல்லாத துறைகள் எத்தனையோ! அங்கே நடந்ததை எழுத யாரும் இருக்கவில்லை. ஒரு தனிமனிதரின் நற்குணத்தை நம்பி லட்சம் பேரின் வயிறு இருக்கக்கூடாது என்பதுதான் நாம் சுயராஜ்யம் கேட்டதன் நியாயங்களில் ஒன்று. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ஆனால் அந்த நற்குணத்தைக் குறைத்துப் பேசவும் நமக்கு மனமில்லை. துறையில் ராம் சரண் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்பது அவர் ஆசை. இருவருமாகச் சேர்ந்து இருபது பிள்ளைகளுடன் ஒரு குடிசையில் பள்ளி ஆரம்பித்தார்கள். உடனே ஜாதித் தொல்லை வந்தது. மேல்ஜாதிப் பிள்ளைகளும் கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஒரே வீட்டுக்குள் உட்காரலாகாதாம். ராம் சரண் சண்டை போடவில்லை. குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார்! கூரை மட்டும் நின்றது. சுவரில்லாவிட்டால் அது வீடாகாது, கொட்டகை. கொட்டகையில் எல்லோரும் உட்காரலாம் என்று ஊரார் ஒத்துக்கொண்டார்கள். பள்ளி இருநூறு பிள்ளைகளாக வளர்ந்தது. பிற்பாடு சர்க்காரே அதை ஏற்றுக்கொண்டது.

உபாத்தியாயர் தொழிலில் நரைத்துக்கொண்டிருக்கும் நாம் இதைப் படித்தபோது புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிதுநேரம் சும்மா இருந்தோம். கட்டடம் வேண்டும், நாற்காலி வேண்டும் என்று மேலிடத்துக்கு மனு எழுதியே காலம் கழிக்கிறோம். இருந்த சுவரை இடித்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஸ்டேஷன் மாஸ்டரின் பெயர் நமது ஆசிரியர் பயிற்சிப் புஸ்தகம் எதிலும் இல்லை.

சமாரி என்றொருவர். தீண்டத்தகாதவர் என்று அக்காலத்தார் ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். நிலக்கரி சுமக்கும் கூட்டத்துக்குத் தலைவர். தம் வருமானத்தைப் பசித்தவர்களுக்குப் பகிர்ந்தளிப்பவர். வாந்திபேதி பரவிய காலத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். கடைசியில் அந்த நோயே அவரையும் கொண்டுபோயிற்று. அவருடைய சவ ஊர்வலத்தில் ஹிந்துக்கள், முகம்மதியர், கிறிஸ்தவர், மேல்ஜாதி, கீழ்ஜாதி என்ற வித்தியாசமின்றி ஊரே நடந்தது. வாழும்போது தொடாதவர்கள் கூடச் செத்தபின் பின்தொடர்ந்தார்கள். தமக்கும் ஒருநாள் சமாரி போன இடத்தில் இடம் கிடைத்தால் போதும் என்ற பொருளில் கார்ப்பெட் அந்த அத்தியாயத்தை முடித்திருக்கிறார்.

புது என்றொருவர். அவருடைய பாட்டனார் ஒரு வட்டிக்கடைக்காரரிடம் வாங்கியது இரண்டே ரூபாய். அது தகப்பனார் தலையில் ஏறி, மகன் தலையில் ஏறி, வருஷா வருஷம் வட்டிக்கு உழைத்தும் தீராத கடனாய் நின்றது. கார்ப்பெட் வக்கீல் வைத்து வழக்காடி, பணத்தைக் கட்டி, பத்திரத்தை மீட்டு, புதுவின் கண்ணெதிரிலேயே அதைக் கொளுத்தினார். இரண்டு ரூபாய்க்கு மூன்று தலைமுறை! நம் கிராமங்களில் இந்தக் கணக்கு தெரியாதவர் யார்?

ஆகவே மாணவனின் கேள்விக்கு விடை இதுதான். ஆம் தம்பி, மூட்டை சுமந்தவர்களைப் பற்றிப் புஸ்தகத்தில் இருக்கிறது. அவர்களுடைய பெயரோடு இருக்கிறது.

இனி, காட்டைப் பற்றியும் சிறிது சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

முதல் மகாயுத்தத்தின்போது, 1917-இல், குமாவோன் மலைநாட்டார் 500 பேரைக் கொண்ட தொழிற்படை ஒன்றைக் கார்ப்பெட் பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றார். ஒரே ஒருவர் நீங்கலாக அனைவரையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். பின்னர் ரயில்வே உத்தியோகத்திலிருந்து விலகிக் காலாதுங்கிக்கே வந்துவிட்டார். அங்கே சோட்டி ஹல்த்வானி என்ற பாழடைந்த கிராமத்தை 1915-லேயே வாங்கியிருந்தார். குடியானவர்களை அமர்த்தினார். காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்காதபடி கிராமத்தைச் சுற்றிலும் பல மைல் நீளத்துக்குக் கல்மதில் எழுப்பினார். அந்த மதிலை இன்றும் பார்க்கலாம்.

நரபட்சணிப் புலி எங்கேனும் தோன்றினால் ஆள் வரும், அவர் புறப்படுவார். சம்பாவத்துக்குப் போகுமுன் அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: புலியின் தலைக்கு அறிவித்திருந்த வெகுமதியை ரத்து செய்யவேண்டும், கூலிக்கு வந்த வேட்டைக்காரர்களைத் திருப்பி அனுப்பவேண்டும். பணத்துக்காகச் சுட்டவன் என்ற பெயர் வேண்டாம் என்பது முதலாவதன் காரணம். வேறொருவர் குண்டுக்குத் தாம் இரையாகக்கூடாது என்பது இரண்டாவதன் காரணம். அந்தப் பெண்புலி விழுந்ததும் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. என்றோ எவனோ குறிதவறிச் சுட்ட குண்டு! மானையும் எருமையையும் பிடிக்க இயலாத மிருகம் மனிதனைப் பிடித்தது. ருத்ரப்ரயாகையில் 125 பேரைக் கொன்று 1926-இல் அவர் கையால் மடிந்த சிறுத்தையின் கதையிலும் அவர் இப்படியே காரணம் தேடினார். 1918-ஆம் வருஷத்து விஷஜுரத்தில் இறந்தவர்களை முறைப்படி தகனம் செய்ய ஆளின்றி மலைச்சரிவில் தள்ளியதால், சிறுத்தை மனித மாமிசத்தின் ருசியறிந்தது என்று எழுதினார். புலியைத் திட்டுவது எளிது. புலி ஏன் கெட்டது என்று கேட்டவர் அவர்.

அவர் கை முழுதும் சுத்தமான கை என்று நாம் சாதிக்க வரவில்லை. மனிதரைத் தின்னாத புலிகளையும் அவர் சுட்டதுண்டு. பொவால்கட் என்ற இடத்துப் பேர்போன பெரிய புலியை 1930-இல் வேட்டைச் சிறப்புக்காகவே வீழ்த்தினார். வைஸ்ராய்களின் உல்லாச வேட்டைகளுக்கும் துணைபோனார். ஆயினும் வயது ஏற ஏறத் துப்பாக்கியைக் காட்டிலும் சினிமாக் காமிராவே அவர் கைக்கு உகந்ததாயிற்று. புலிகளைப் படம் பிடித்தார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டின் பாஷையைச் சொல்லிக் கொடுத்தார். 1936-இல் ஆசியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவோன் அடிவாரத்தில் அமைந்ததற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம். ஹெய்லி என்ற கவர்னரின் பெயரில் தொடங்கிய அந்தப் பூங்காவுக்குச் சுதந்தர இந்தியாவின் சர்க்கார் 1957-இல் கார்ப்பெட் பெயரைச் சூட்டியது. வெள்ளைக்காரர் பெயர்களை நாம் அழித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெயரை நாமே எழுதினோம்! புலிகளைக் காக்கும் திட்டம் 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கப்பெற்றதும் அந்தப் பூங்காவில்தான். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தேசமெங்கும் சுமார் 3,682 புலிகள் எனவும், அவற்றுள் 260 அந்தக் கார்ப்பெட் வனத்தில் எனவும் மதிப்பிட்டனர்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில், எழுபத்திரண்டு வயதில், தமக்கை மாகியுடன் அவர் இந்தியாவை விட்டுக் கென்யா தேசத்துக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்ற கேள்வி நம்மை வெகுநாள் உறுத்தியதுண்டு. புதிய இந்தியாவில் தம் போன்றவர்களுக்கு இடமிராது என்று அஞ்சினார் என்பார்கள். சமாரியின் பாடையைப் பின்தொடர்ந்து நடந்த மனிதர், சமாரியின் மக்கள் நாட்டை ஆளப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஏன் கப்பலேறினார்? இதற்குச் சமாதானமான விடை நம்மிடம் இல்லை. ஏழையை நேசிப்பது ஒன்று. ஏழைக்குச் சமமாக உட்கார்வது வேறொன்று. இரண்டாவது முதலாவதைக் காட்டிலும் கடினமோ என்னவோ! நம்மவரிலும் அதில் தேறியவர்கள் மிகச் சிலரே. ஆகையால் அவர்மீது கல்லெறிய நமக்குக் கை எழவில்லை.

ஆனால் ஒன்று செய்துவிட்டுப் போனார். சோட்டி ஹல்த்வானியின் நிலங்களை உழுத குடியானவர்களுக்கே அவற்றை விட்டார். தாம் இறக்கும்வரை, கடல் கடந்து இருந்துகொண்டே, அந்த நிலங்களின் தீர்வையைத் தாமே கட்டிவந்தார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ஆம் தேதி கென்யாவில் நையேரி என்ற ஊரில் காலமானார், அங்கேயே அடக்கமானார். காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. மொகாமாவில் கங்கைக்குக் குறுக்கே 1959-இல் பாலம் திறந்தபின், சரக்கை அக்கரை சேர்க்க அத்தனை தலைகள் தேவைப்படவில்லை. மூட்டைகள் போயின, சுமந்தவர்களும் போயினர்.

மறுநாள் அந்தப் பையனைத் தனியே அழைத்து இவ்வளவையும் சுருக்கிச் சொன்னோம். சமாரியின் கதையை இரண்டு தடவை கேட்டான். பிறகு, "அவர் எழுதினதால்தானே சார் சமாரியைத் தெரியுது?" என்றான்.

"ஆம்" என்றோம். "உன் தாத்தா இருக்கிறாரா?"

"இருக்கார் சார். தோள் வலின்னு ராத்திரி முனகுவார்."

"எந்தத் தோள்?"

பையன் திகைத்தான். தெரியவில்லை. பேரன் அறியாதது மட்டுமன்று. பத்து வருஷமாக அவர் பள்ளிவாசலில் காத்து நின்று பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பார்த்துவரும் நாமும் ஒருநாளும் கேட்டதில்லை. 'வாங்க பெரியவரே' என்பதோடு நம் மரியாதை முடிந்துவிடும். மொகாமாத் துறையின் கூலிகள் ஒவ்வொருவரின் குடும்பக் கஷ்டமும் ஒரு பரதேசித் துரைக்குத் தெரிந்திருந்தது. நம் பள்ளிவாசல் பெரியவர் எந்த ஊர்ச் சரக்கு ஷெட்டில் எத்தனை வருஷம் சுமந்தார் என்பது நமக்குத் தெரியாது. இந்த வெட்கத்தை நேயர்களிடம் மறைப்பதில் பயனில்லை.

அன்று மாலை பெரியவர் வந்தபோது, வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். வலத்தோள் என்றார். உப்பு மூட்டைதான் மிகவும் பொல்லாதது, மழைநாளில் கசிந்து முதுகுத்தோலை உரித்துவிடும் என்றார். ஒரு மூட்டையும் கைதவறிக் கிழிந்ததில்லை என்பதை மூன்று முறை சொன்னார். பேரன் பக்கத்தில் நின்று நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் நமது வகுப்புக்குக் கட்டுரைத் தலைப்பு, 'எங்கள் வீட்டில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர்' என்பது. நேயர்களின் வீடுகளிலும் அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். எந்தத் தோள் வலிக்கிறது என்று இன்றிரவே கேட்டுவிடுவது நல்லது.